அவர் பெயர் ஒட்டிய பாட்டில்

தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் போகும் டவுன் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் மற்றவளிடம் சொன்னாள்:

“அவரு பேரு ஒட்டுன பாட்டில்ல நான்தான்க்கா ஒண்ணுக்குப் போயிப் புடிச்சுக் குடுத்தேன்.”

அதற்குமேல் கையிலிருந்த பேப்பரில் என் கண் ஓடவில்லை.

“எதுக்குடி?”

“தோல்ஷாப்புல தோல் பதம் பண்ற ஆம்பளைகளுக்குக் கிட்னி எப்படி இருக்குன்னு காலேஜ்ல ஆராய்ச்சி பண்றாகல்ல. பாட்டில் வாங்க வந்தது வயசுப்பொண்ணு. அது கையில எப்படிக் குடுக்கன்னு வெக்கப்பட்டு, இவரு பின்வாசல் வழியாப் போயிட்டாரு. பாவம், அந்தப் புள்ள அம்புட்டு நேரமா வெயில்ல நிக்குதேன்னு...”

“சரி, இப்ப என்ன அதுக்கு?”

“நேத்து திரும்ப வந்துச்சு. ரெண்டு கிட்னியும் ரொம்பக் கெட்டுப் போயிருக்கும் போல, உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுது. முன்னால உக்காந்துருக்காரு பாருங்க, அங்கதான் போறோம்.”

டிரைவருக்குப் பின்னால் ஒருவர் கம்பியில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. குனிந்து இவள் காலைப் பார்த்தாள். செருப்பு வாருக்கு வெளியே பாதம் பிதுங்கியிருந்தது.

“இந்த வீக்கம் எம்புட்டு நாளா இருக்கு?”

“ரொம்ப நாளாவே இருக்குக்கா. நின்னுக்கிட்டே வேலை பாக்குறதால வருதுன்னு நெனச்சேன்.”

“அவர்ட்ட சொல்லிட்டியா?”

“எப்படிக்கா சொல்ல? நேத்துலருந்து சோறு திங்கல. எனக்கு ஒண்ணுன்னா பிள்ளைகள நீ பாத்துக்கிருவியான்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுகுறாரு. நானும் பாத்துக்கிருவேன்னு சொல்லிட்டேன்க்கா.”