குறட்டைக்கு மார்க்

— இன்னொரு தடவை சொல்லுங்க முதலாளி. மெதுவா, எனக்குப் புரியற மாதிரி.

— அதான் சொன்னேனே. விளம்பரக் கம்பெனிக்காரன் என் கணக்கை மூடிட்டான். நிரந்தரமா. இதுவரைக்கும் சேர்ந்த காசும் கிடையாதாம்.

— அடப்பாவமே. குறட்டைக்கு மார்க் போடற ஆப்புக்கா இப்படி ஒரு அநியாயம்?

— கிண்டல் பண்ணாத. ஒண்ணரை வருஷம் ஆபீஸ் விட்டு வந்து, சாப்பிட்ட கையோட உக்காந்து செஞ்சது.

— தெரியுமே. என் தலைமாட்டுல போனை வெச்சுத்தானே சோதிச்சுப் பார்த்தீங்க. முப்பது மார்க். குறட்டைலகூட நான் பாஸாகல.

— கேளேன். ரெண்டு வாரமா வருமானம் எகிறிக்கிட்டே இருந்துச்சு. அதான் வயிறு எரியுது.

— எனக்கு ஆரம்பத்துலேருந்தே ஒரு சந்தேகம். தூங்கறவன் எப்படிங்க விளம்பரம் பார்ப்பான்?

— காலையில எழுந்து மார்க் பார்ப்பான்ல? அப்ப கீழ வரும். தொட்டா எனக்குக் காசு.

— தொட்டிருக்காங்க, வந்திருக்கு. அதுல என்ன தப்பாம்?

— கேளேன். விளம்பரம் பிடிச்சுத் தொடலையாம். ஒரே ஆளுங்க திரும்பத் திரும்ப, எனக்குக் காசு வரணும்னே தொட்டிருக்காங்களாம். அது மோசடியாம். எவனோ போட்டிக்காரன் செஞ்ச வேலை.

— குறட்டைல உங்களுக்குப் போட்டியா? பக்கத்துல படுக்கறவ சொல்றேன், வாய்ப்பே இல்ல.

— என்ன மாப்பிள்ளை, சத்தம் மாடி வரைக்கும் கேக்குது?

— ஒண்ணுமில்ல மாமா.

— அப்பா, உங்க மாப்பிள்ளை கம்பெனிக்குப் பூட்டு போட்டுட்டாங்க.

— அதெப்படி? நாங்க இவ்வளவு பாடுபட்டுமா?

— நீங்க என்ன பாடுபட்டீங்க மாமா?

— பெருமைக்குச் சொல்லல மாப்பிள்ளை. எழுந்ததும் மார்க் பார்ப்பேன். சும்மா சொல்லக் கூடாது, நேத்து எனக்குத் தொண்ணூத்தி ரெண்டு. அப்புறம் கீழ வர்ற விளம்பரத்தை அமுக்குவேன். மூடுவேன், திறப்பேன், மறுபடி அமுக்குவேன். சமையல் முடிஞ்சதும் உங்க அத்தை அவ பங்குக்கு. என்கூட வாக்கிங் வர்ற செட்டு மொத்தத்துக்கும் போன்ல ஆப்பைப் போட்டுக் குடுத்திருக்கேன். பூங்கா பெஞ்சுல வரிசையா உக்காந்து அமுக்குவோம். கட்டைவிரல் வீங்கிப் போச்சு, பாருங்க.

— மாமா!

— சும்மா சொல்லக் கூடாது, உங்களுக்கு இளகின மனசு. நன்றியெல்லாம் எதுக்கு, நம்ம வீட்டுப் பிள்ளைக்கு…

— என் குடியைக் கெடுத்துட்டீங்களே! யாரு சொன்னா உங்களை இப்படிச் செய்யச் சொல்லி?

— இதோ, இவதான். ‘அவர்கிட்ட மூச்சு விடாதீங்க, கூச்சப்படுவார். எல்லாருமா சேர்ந்து அமுக்குங்க’ன்னா.

— நீயா? சரி, விடு. தெரியாமத்தானே சொன்னே.

— தெரிஞ்சுதான் சொன்னேன்.

— என்னது?

— கணக்கு ஆரம்பிக்கும்போது நீட்டமா விதிமுறை வந்துச்சே, ஒரு வரிகூடப் படிக்காம ‘சம்மதம்’னு தட்டினீங்களே, அதை நான் உக்காந்து படிச்சேன். சொந்தக்காரங்க அமுக்கினா கணக்கை மூடிருவோம்னு தெளிவாப் போட்டிருக்கான்.

— படிச்சிட்டு எனக்கே குழி வெட்டினியா?

— பின்ன? கண்ணாடி முன்னாடி நின்னு, வேலையை விடறேன்னு மேனேஜர்கிட்ட சொல்ற மாதிரி ஒத்திகை பார்த்தீங்களே, நான் கேக்கலைன்னு நெனச்சீங்களா? இன்னும் வீட்டு லோன்ல பாதிகூட அடையல. குறட்டையை நம்பி ஒரு குடும்பம் இறங்குமா? பயந்து செத்தேங்க. நேரா சொன்னா, உங்க முன்னேற்றத்துக்கு நான்தான் முட்டுக்கட்டைன்னு முகத்தைத் தூக்கி வெச்சுப்பீங்க. வர்ற திங்கக்கிழமை நீங்க ராஜினாமா குடுக்கறதுக்குள்ள மூடணுமேன்னுதான் தவிச்சேன். மூடிட்டான். இப்பதான் எனக்கு மூச்சே வருது.

— அப்ப, ரெண்டு வாரமா எகிறின வருமானம் பூரா…

— எங்கப்பா கட்டைவிரல்.

— அதைப் பார்த்துட்டுத்தான், திங்கக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்னு வெள்ளிக்கிழமையே ராஜினாமா குடுத்துட்டு வந்துட்டேன்.