ஆறாவது கை

ஆ... மெதுவா சிஸ்டர், மெதுவா! கிழிஞ்ச துணி தைக்கறாப்ல குத்தறீங்களே! எத்தனை முள்ளு வந்துச்சு? ஏழா? இன்னும் இருக்கா! நான் கேக்கறேன், அம்பத்தெட்டு வயசுக்காரனக் கடல்ல இறக்கி விட்டா எதத்தான் மிதிப்பான்? பூவையா?

நான் மியூசியத்துல அலமாரி துடைக்கறவன் சிஸ்டர். தட்டு துடைக்கணும், புட்டியில மருந்துத் தண்ணி குறைஞ்சா ஊத்தணும். அவ்ளோதான் என் வேலை. இப்போ ரெண்டு மாசமா தினம் தண்ணிக்குள்ள. எதுக்கு? ஒரே ஒரு நட்சத்திர மீன் தேடறதுக்கு!

நம்ம கடல்ல இல்லாததா? பாம்பு வாலு மாதிரி கை வச்சிருக்கும் ஒண்ணு, தொட்டா கையைக் கழட்டிப் போட்டுட்டு ஓடிடும். பிஸ்கட் மாதிரி தட்டையா மண்ணுக்குள்ள பதுங்கும் ஒண்ணு. கடல் அட்டை இருக்கே, லேசா மிரட்டினா போதும், குடலையே கக்கிடும்... எங்க மச்சினன் மாதிரி. என் காலைப் பதம் பார்த்துச்சே இந்தக் கடல் முள்ளெலி, இதுவும் அதே குடும்பமாம். முள்தோலின்னு ஒட்டுமொத்தமாப் பேராம். மியூசியத்துல ஆராய்ச்சி பண்ற சின்ன மேடம் நூத்திப் பதினாலு தினுசு லிஸ்ட் போட்டு வச்சிருக்காங்க. நூத்திப் பதினஞ்சாவதுதான் வினை! ஸ்ஸ்... அம்மா!

அஞ்சு கை பழுப்பு, ஆறாவது கை மட்டும் நீலம். பேர் எழுதாம கிடந்த பழைய தட்டுல அதைப் பார்த்துட்டு மேடம் கத்துன கத்துல வாட்ச்மேன் விசிலோட ஓடி வந்தாரு. உலகத்துலயே யாரும் பாக்காததாம். "ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அறுத்துப் பாக்க மனசு வரல, இன்னொண்ணு தேடிக் குடுங்கண்ணே, உங்களுக்குத்தான் கடல் அத்துப்படி"ங்கறாங்க. எனக்கா? குளிக்கவே யோசிக்கறவன் நான்! டைரக்டர் அதுக்கு மேல... "ஒழுங்காத் தேடறியாய்யா?"ன்னு. நானும் தேடறேன், தேடறேன்... இல்லாததை எங்கேன்னு தேடறது?

என்னது? ...இல்லாததுன்னு எனக்கு எப்படித் தெரியும்னா?

...கொஞ்சம் அந்தக் கதவைச் சாத்துங்க.

தட்டைக் கீழ போட்டது நான்தான். துடைக்கும்போது கை தவறிடுச்சு. ரெண்டு மீன் காஞ்சு கிடந்துச்சு அதுல. நீலமா இருந்த ஒண்ணு பொடிப்பொடியாப் போயி ஒரு கைதான் மிச்சம். இன்னொண்ணு அஞ்சா உடைஞ்சுது. செருப்பு ஒட்டற பசைய வச்சு ஒட்டினேன். நல்லாத்தான் வந்துச்சு. அந்த ஒத்தக் கையைக் குப்பையில போட மனசு கேக்கல. ரெண்டு கைக்கு நடுவுல கொஞ்சம் இடம் இருந்துச்சு... சொருகிட்டேன்.

மேடம்கிட்ட சொல்லிடலாம்னுதான் போனேன். சத்தியமாப் போனேன். அந்தப் பொண்ணு போன்ல அவங்கம்மாகிட்ட அழுதுட்டிருக்கு, சந்தோஷத்துல. எட்டு வருஷமா ஆராய்ச்சி பண்ணியும் ஒருத்தரும் மதிக்கலையாம், இப்பத்தான் திரும்பிப் பாக்கறாங்களாம். நான் எந்த வாயால சொல்லுவேன்? வர்ற திங்கக்கிழமை பெரிய கூட்டம். வெளியூர்லேர்ந்து நிபுணருங்க வர்றாங்க. அவங்க கையில எடுத்துப் பார்த்தா அந்தப் பொண்ணு மானம் போயிடும்.

சொல்லித்தான் ஆகணும்ங்கறீங்க. எனக்குத் தெரியாதா? ஆனா... இருபத்தெட்டு வருஷமா அங்க இருக்கேன் சிஸ்டர். டைரக்டர்லேர்ந்து வாட்ச்மேன் வரைக்கும் "யோவ் அலமாரி"ன்னுதான் கூப்பிடுவாங்க. நேத்து அந்தப் பொண்ணு என் முழுப் பேரையும், அப்பா பேரோட, ஒவ்வொரு எழுத்தாக் கேட்டு எழுதிக்கிச்சு. இத்தனை வருஷம் உடையாமப் பத்திரமா வச்சிருந்ததுக்காக, மீனுக்கு என் பேரைத்தான் வைக்கப் போறாங்களாம்.