தொடையில் தாளம்

மாலை 4.52. தாம்பரத்தில் கிளம்பிய மின்ரயிலில் ஓர் இளம்பெண்ணும் அவள் அப்பாவும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கு சர்ச்ல நான் பாடறப்போ தொடையில தாளம் போடாதீங்கப்பா."

"கச்சேரின்னா கை தானா போகுது."

"போன தடவை நான் இழுத்துப் பாடற இடத்துல நீங்க தட்டினீங்க. செல்லோ வாசிக்கறவர் உங்க கையைப் பாத்து வேகமா போயிட்டார். வயலின் மூணும் அவர் பின்னாடியே போச்சு. நான் தனியா நின்னேன்."

"அவர் ஏன் என்னைப் பாக்கணும்?"

"பின்வரிசையில உக்காருங்க."

"மைக்கே இல்லாம பாடுற. காதுல விழாதேம்மா."

அவள் மடியிலிருந்த பையை எடுத்து நீட்டினாள்.

"சரி, முன்னாடியே உக்காருங்க. என் பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குங்க."

அப்போதே வாங்கி இறுகப் பிடித்துக்கொண்டார். பல்லாவரம் வரும்வரை அவருடைய வலது செருப்பு தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.