பீரங்கி ஆற எத்தனை நாள்

"நிலாவையே உடைக்கலாம் மச்சி. ஆனா அப்புறம் மூணு நாளு பீரங்கி ஆறணும்."

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிய இருவரில், ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தவர் இப்படிச் சொன்னதும் நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன். இருவருக்கும் நாற்பத்தைந்து இருக்கும். கல்லூரி நாட்களில் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் மூன்று நண்பர்களாகச் சேர்ந்து கற்பனையில் ஆடிய விண்வெளிப் போர் விளையாட்டைப் பற்றிய பேச்சு என்பது சற்று நேரத்தில் புரிந்தது.

"இன்னாத்துக்கு மூணு நாளு? விண்வெளியில அவ்ளோ குளிரு. ஒரு மணி நேரத்துல ஆறிடும்," என்றார் கண்ணாடி அணிந்தவர்.

"காத்தே இல்லாத எடத்துல சூடு எங்கடா போவும்? பிசிக்ஸ்ல அரியர் வெச்சவன்தானே நீ!"

"அரியர் வெச்சவன்தான் உன் கப்பல எத்தினி தபா எரிச்சான்?"

"சரி வுடு. எவன் ஆயுதம் செஞ்சானோ அவன் சொல்றதுதான் தீர்ப்பு. அதான நம்ம ரூலு? அந்தப் பீரங்கிய செஞ்சவன் பாபு."

"அவன் கல்யாணத்துக்கு நாம போவல. அன்னிலேர்ந்து பேசறதே இல்ல. இப்ப மட்டும் எடுப்பானா?"

ஹெல்மெட்காரர் கைப்பேசியில் பாபுவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். மணி நெடுநேரம் அடித்த பிறகே மறுமுனையில் எடுத்தார்கள்.

"பாபு, நான்தான்டா. உன் பீரங்கி ஆற ஒரு மணி நேரம் போதும்னு இவன் சொல்றான்."

ரயில் அடையாற்றைக் கடந்தது. கண்ணாடிக்காரர் தலைகுனிந்துகொண்டார். அப்போதுதான் ஸ்பீக்கரில் பாபுவின் குரல் வந்தது.

"ஒரு மணி நேரமா? இன்னாடா ஒளர்றான்? போன அவன்கிட்ட குடு."