ஏழாம் எண் அறையின் கட்டில்

தயாரிப்பாளர் அறை நாற்காலி நன்றாக இருக்கிறது ஐயா. முதுகைக் கொடுத்து உட்கார்ந்தால் மெல்லப் பின்னால் சாய்கிறது. நம் படப்பிடிப்புத் தளத்தில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் ஸ்டூல்கள். ஐந்து நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் டீயைக் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. மூன்று வாரமாக நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் ஆள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நிதானமாகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நம்ப முடியவில்லை என்று உங்கள் முகம் சொல்கிறது. அது உங்கள் தப்பில்லை. நேரடி ஒளிபரப்பு நடந்தபோது அந்த அறையில் இருந்த எல்லோரையும் வரிசையாக மைக் முன்னால் நிறுத்தி, "தம்பி, இது சாயம் இல்ல" என்று சொல்ல வைத்தீர்கள். பதிவில் கேட்ட குரல் யாருடையது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. கதாநாயகி சொன்னாள். நர்ஸாக நடிக்கிற பெண் சொன்னாள். விளக்குப் பிடிக்கிறவர்கூடத் தொண்டையைச் செருமிக்கொண்டு பெண்குரலில் சொல்லிப் பார்த்தார். கட்டிலின் மேலேயே படுத்திருந்த என்னை யாரும் கூப்பிடவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அது என் நடிப்புக்குக் கிடைத்த சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டேன்.

தொடரில் நான் கதாநாயகியின் அம்மா. மூன்றாவது எபிசோடில் மாடிப்படியிலிருந்து உருண்டு கோமாவுக்குப் போனேன். அதன்பிறகு இருநூறு எபிசோடுகளுக்கு மேல், ஒன்பது மாதம், ஏழாம் எண் அறைக் கட்டிலில்தான் இருந்தேன். தளத்தில் எல்லோருக்கும் நான் கோமாம்மா. என் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. மற்றபடி யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

சும்மா படுத்திருப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு விடும்போது போர்வை ஒரு விரற்கடைக்கு மேல் ஏறக்கூடாது. யாராவது நம் கையைப் பிடித்துக்கொண்டு அழும்போது கை கனமாக இருக்க வேண்டும், விறைப்பாக இருக்கக் கூடாது. நூற்றுப் பத்தாவது எபிசோடில் கதாநாயகி நான்கு பக்க வசனம் பேசி முடிக்கும்வரை ஓர் ஈ என் மூக்கு நுனியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் இமைகூட நடுங்கவிடவில்லை. கேமராக்காரர் அன்று எழுந்து நின்று கைதட்டினார். என் முப்பது வருட நடிப்பில் யாரும் எனக்காக எழுந்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

என் வீட்டைப் பற்றி ஒன்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். நான் உட்கார்ந்தால் என் வீட்டில் யாருக்காவது தாகம் எடுக்கும். படுத்தால் பசிக்கும். என் வீட்டுக்காரர் துண்டை மறந்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள்கூட நினைவோடு போனதில்லை. நாத்தனார் எங்களோடு பத்து நாள் தங்க வந்தார்; வந்து பதினோரு வருடம் ஆகிறது. மகன், மருமகள், அவர்களுடைய இரட்டைப் பிள்ளைகள். எல்லோரும் தங்கமானவர்கள். ஆனால் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நான் படுக்கலாம், யாரும் எழுப்பக்கூடாது, எழுப்பினால் இயக்குநர் கத்துவார் என்று இந்த உலகத்தில் ஓர் இடம் இருந்தது என்றால் அது ஏழாம் எண் அறை. நல்ல கட்டில் ஐயா. மூடிப்போன ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கியது. தலைமாட்டை உயர்த்தப் பக்கத்தில் கைப்பிடி உண்டு.

இப்போது சின்ன டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்தப் பாத்திரத்தைத் தெரியும். மோட்டார் சைக்கிளை வார்டு வாசல்வரை ஓட்டிக்கொண்டு வருவான். பெரிய டாக்டர் வேண்டாம் என்றால் அதைத்தான் செய்வான். லிஃப்டுக்குள் பிரசவம் பார்த்தான். பேனாக் குழாயை வைத்து ஒருவனை மூச்சுவிட வைத்தான். "ரிப்போர்ட்டைப் பாக்காதீங்க சார், பேஷன்ட்டோட கண்ணைப் பாருங்க" என்று காகிதங்களைக் கிழித்து எறிவான். அவன் சுட்டிக்காட்டுவது என் கண்களை; அவை மூடியிருக்கும். அதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அதில் நடிக்கிற பிள்ளை பரம சாது. ஊசியைக் கையில் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். காட்சிக்குக் காட்சி விளக்கு மாற்றும் நேரத்தில் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். அவன் மட்டும் இல்லை, எல்லோரும் அப்படித்தான். ஒன்பது மாதம் கண்ணை மூடியிருந்தால் காதும் மூடிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். கதாநாயகி தன் காதலை முறித்துக்கொண்டது என் கால்மாட்டில்தான். இயக்குநர் உங்களைப் பற்றி என்னென்ன சொல்லியிருக்கிறார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

ஒருநாள் அந்தப் பிள்ளை என் காதோரம் குனிந்து சொன்னான்: "அம்மா, எனக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வந்துரும். சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான். மனசுக்குள்ள சாயம், சாயம்னு சொல்லிக்கிட்டேதான் நடிக்கிறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அந்த ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் என் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது.

வினை எழுத்தாளர் உருவத்தில் வந்தது. அவருக்கு என் அறைதான் பிடிக்கும், ஏசி இருப்பதால். ஒரு மத்தியானம் என் தலைமாட்டில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு இயக்குநரிடம் கதை சொன்னார். இருநூறாவது எபிசோடை நேரடியாக ஒளிபரப்பலாம். ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக நேரமில்லை என்று சின்ன டாக்டர் வார்டுக் கட்டிலிலேயே மண்டையைத் திறப்பான். அம்மா கண் விழிப்பாள். பிறகு அவளைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அவளுக்கு இனி கதையில் வேலையில்லை என்றார். சொல்லிவிட்டு ஏப்பம் விட்டார்.

நான் அவசரப்படவில்லை ஐயா. யோசித்தேன். யோசிப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இதற்கு முன்பும் ஒரு தடவை என்னைக் குணப்படுத்தப் பார்த்தார்கள். மகள் பாட்டுப் பாடித் தாய் கண் திறப்பதாக ஒரு காட்சி. பாட்டின் நடுவில் நான் லேசாகக் குறட்டை விட்டேன். ஏழு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுக் காட்சியையே தூக்கிவிட்டார்கள். ஆனால் நேரடி ஒளிபரப்பில் மறுபடி எடுப்பது என்பது இல்லை. எனவே குறட்டை போதாது என்று முடிவு செய்தேன்.

அந்த நாள் காலையில் சின்ன டாக்டர் என்னிடம் வந்தான். கையெல்லாம் சில்லிட்டிருந்தது. "அப்பா இன்னைக்குப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார்மா. நான் நடிக்க வந்து நாலு வருஷம் ஆச்சு, இதான் முதல் தடவை. டிவி முன்னாடி இப்பவே உக்காந்துட்டாராம்." அவனுடைய அப்பா தலைமையாசிரியர். பையன் உருப்படாமல் போய்விட்டான் என்று அதுவரை அவனோடு பேச்சு வைத்துக்கொள்ளாதவர். நான் போர்வைக்கு அடியிலிருந்து அவன் விரலை லேசாக அழுத்தினேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது. என் மகனைவிட அவன் மேல் எனக்குப் பிரியம் அதிகம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாலை ஏழு மணிக்குத் தொடங்கியது. மேக்கப்காரர் சாயத்தையும் சர்க்கரைப் பாகையும் கலந்து ஒரு சின்னப் பையில் ஊற்றி என் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். கத்தி பட்டதும் பை கிழிந்து வழிய வேண்டும். நேர்த்தியான வேலை, எறும்புதான் கொஞ்சம் வந்துவிட்டது. என் வாய்மேல் ஆக்சிஜன் முகமூடி. சின்ன டாக்டர் குனிந்தான். கத்தி பட்டது. பாகு சூடாகக் கழுத்தில் இறங்கியது. அவன் தன் முகமூடிக்குள் மூச்சோடு மூச்சாகச் சாயம், சாயம் என்று சொல்வது எனக்குக் கேட்டது. அப்போதுதான் நான் சொன்னேன். அதட்டவில்லை. பெற்ற பிள்ளையிடம் சொல்வதுபோல் அன்பாகத்தான் சொன்னேன்.

"தம்பி, இது சாயம் இல்ல. நெஜ ரத்தம். கையை எடு."

அவன் சட்டைக் காலரில் மைக் இருந்ததை நான் மறந்துவிட்டேன். அந்த ஒரு கவனக்குறைவை ஒப்புக்கொள்கிறேன்.

அவன் நேராகப் பின்னால் சாய்ந்தான். கருவித் தட்டின் விளிம்பு பின்மண்டையில் பட்டு இரண்டு தையல். கண் விழித்தபோது கையில் தன்னுடைய நிஜ ரத்தத்தையே பார்த்து மறுபடி மயங்கினான். லிஃப்டில் பிரசவம் பார்த்தவன் ஒரு கரண்டிப் பாகைப் பார்த்து விழுந்ததை ஊரே பார்த்தது. அவனுடைய அப்பாவும் பார்த்தார். அடுத்த நாள் எல்லோருடைய கைபேசியிலும் அதுதான் ஓடியது, பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்த்து. என் பேரப் பிள்ளைகள் இரண்டும் சோபாவிலிருந்து அப்படியே விழுந்து விழுந்து காட்டின.

விளம்பரம் முடிந்து திரும்பி வந்தபோது திரையில் காட்டுவதற்கு வேறு எதுவும் இல்லை. கேமராவை என் மேல் வைத்துவிட்டு எல்லோரும் அவனைத் தூக்க ஓடிவிட்டார்கள். பதினோரு நிமிடம் ஐயா, நான் மட்டும். ஒரு மூச்சுத் தப்பவில்லை. அன்றைக்குத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். யாரும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேக்கப்காரர் மேல் பழி விழுந்தது எனக்குத் தெரியும். சாயத்தில் எதையோ கலந்துவிட்டார், ஆள் வைத்துப் பேச வைத்துவிட்டார் என்று அவரை வீட்டுக்கு அனுப்பினீர்கள். பாவம், புள்ளகுட்டிக்காரர். அவரை நினைத்து நான் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. அவருக்காகத்தான் இன்று வந்தேன். மூன்று வாரமாக ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். முதல் இரண்டு வாரம் படப்பிடிப்பு இருந்தது, நான் படுக்க வேண்டியிருந்தது.

ஆமாம், போன வாரம் கதை மாறியது உண்மைதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

தையல் பிரித்து அந்தப் பிள்ளை திரும்பி வந்தான். இனி அவனைத் துணிச்சல்காரன் என்று காட்டினால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று எழுத்தாளர் மூளையைக் கசக்கினார். கசக்கி, விழுந்ததில் தலையில் அடிபட்டுச் சின்ன டாக்டர் கோமாவுக்குப் போய்விட்டான் என்று எழுதினார். அவன் செய்த தியாகத்தால் நான் விழித்துவிட்டேனாம். அந்த ஒட்டுப்பலகை அறையில் இரண்டு கட்டில் போட இடம் கிடையாது. புதன்கிழமை காலையில் அவனை என் கட்டிலில் படுக்கவைத்தார்கள். என் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார்கள்.

"இனிமே உங்களுக்கு நிறைய வசனம்மா, நிறைய நடையும் இருக்கு. ராப்பகலா தம்பியை நீங்கதான் கவனிச்சுக்கறீங்க" என்றார் எழுத்தாளர், வரம் கொடுப்பதுபோல. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை நான் நிற்கிறேன் ஐயா. முகம் துடைக்கிறேன், போர்வை இழுத்துவிடுகிறேன், ஜன்னலைத் திறக்கிறேன், சாத்துகிறேன். வீட்டுக்குப் போனால் துண்டு.

அவனுக்கு ஒரு குறையும் இல்லை. கன்னம் உப்பி, நிறம் ஏறியிருக்கிறது. நேற்று அவனுடைய அப்பாவே தளத்துக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "இப்பதான்டா நீ நடிக்கிறே. இதையே விடாம செய்" என்று அவன் தலையைத் தடவினார். அவன் அழுதுவிட்டான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உங்களைப் பாத்துக் கத்துக்கிட்டதும்மா. ஈ உக்காந்தா என்ன செய்யணும்னு மட்டும் சொல்லிக்கொடுங்க" என்றான். எனக்கு நெஞ்சு எரிந்தது. அவனுக்கு அப்பா கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷத்தில்தான் எரிந்திருக்க வேண்டும்.

தவிர, அவனுக்குப் படுக்கத் தெரியவில்லை. போர்வை இரண்டு விரற்கடை ஏறுகிறது.

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது என்று தோன்றியது. மேக்கப்காரரை வேலைக்குக் கூப்பிடுங்கள். அன்று நடந்தது ஒரு சூழ்ச்சி, பையன் கோழை இல்லை என்று ஜனங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். மறுபடி மோட்டார் சைக்கிளில் ஏறட்டும். வாலிப வயதில் அப்படிப் படுத்துக்கிடப்பது உடம்புக்கு ஆகாது. எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். கதையில் இன்னொரு தடவை மாடிப்படியிலிருந்து உருளச் சொன்னால்கூட எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். படி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, காலையில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

செய்தது தப்பு என்பது எனக்குத் தெரியும் ஐயா. வயதைப் பார்க்காமல் அந்தப் பிள்ளையின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவும் தயாராக இருக்கிறேன். அதற்கு அவன் முதலில் அந்தக் கட்டிலை விட்டு இறங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.