கண்ணால பாத்தாதான் கணக்கு

இல்லங்க, தப்பா எடுத்துக்கல. நடக்கறதுல என்ன ரேஸு, அதுல உலக சாதனை வேறயான்னு எல்லாருமே கேக்கறதுதான். தனியா பேசுங்கன்னு நம்மள மொட்டை மாடிக்கு அனுப்பிட்டாங்க, எனக்கும் வேற என்ன பேசறதுன்னு தெரியல. காப்பி ஆறுது பாருங்க. அண்ணன் போட்டது.

ஆமா, ஹால்ல மாட்டியிருக்கிற மெடல் எல்லாம் ஜெயந்த் அண்ணனோடதுதான். அம்பது கிலோமீட்டர் நடை. ஓடக் கூடாது, எப்பவும் ஒரு கால் தரையில இருக்கணும். முன்னால வைக்கிற கால் தரையைத் தொட்டா முட்டி மடங்கவே கூடாது. அப்படி வேகமா நடந்து பாருங்க, இடுப்பு தானா ஆடும். யாரும் ஆட்டறதில்ல.

ரெக்கார்டா? ஒரு காலத்துல நாலு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சாம். அப்புறம் போலந்துக்காரர், ரஷ்யாக்காரர், பிரான்ஸ்காரர்னு குறைச்சுக் குறைச்சு, மூணரை மணிகிட்ட கொண்டாந்துட்டாங்க. எங்க வீட்ல அந்தப் பேரெல்லாம் சாமி பேரு மாதிரி. அண்ணன் நல்லா நடந்துட்டிருந்தப்ப, ஒலிம்பிக்ல அம்பதையே தூக்கிட்டாங்க. ரொம்ப நேரம் ஆகுதாம், பாக்க ஆளில்லையாம். முப்பத்தஞ்சுன்னாங்க, இப்ப அதையும் மாத்தியாச்சு. அந்த ரெக்கார்டு அப்படியே கெடக்கு, கிட்ட போறதுக்குக்கூட ரேஸ் இல்லாம.

இப்பவா? பாலாநகர்ல ஃபேக்டரி வேலை. ஆனா நடக்கறதை விடல. பசங்க பின்னாடியே வந்து இடுப்பை ஆட்டிக் காட்டுவானுங்க. கேக்கணும்னு இருக்கும், எனக்கு வாய் வராது. அண்ணன், நக்கோ, வேணாம், விடுங்கும். நாங்க பாதி தமிழ், பாதி சிகந்திராபாத்.

வீடியோவுல பாத்தா தெரிஞ்சுடாதான்னா... தெரியும். பெரிய பெரிய ஆளுங்களுக்கும் ரெண்டு காலும் ஒரு கணம் காத்துலதான் இருக்கும். ஆனா அது செல்லாது. ஜட்ஜ் வெறுங்கண்ணால பாக்கணும். தப்பு கண்ணுல பட்டா சிவப்பு அட்டை எழுதிடுவாங்க. அங்க நின்னு சண்டை போட முடியாது.

ஹவ், ஆமாங்க, நானும் கூடப் போவேன். ஸ்கூட்டில, தண்ணி பாட்டிலோட. தூசிக்கு துப்பட்டாவை மூஞ்சியில சுத்திக்குவேன், யாருக்கும் அடையாளம் தெரியாது. நீங்க வர்றீங்கன்னு இன்னிக்கு வீட்டு வேலை முடிச்சுக் கிளம்பவே லேட்டு. அல்வால் ரோட்டுல ஒரு வெள்ளைக் கார் அண்ணன் பின்னாலயே ஊர்ந்து வந்துச்சு. முன் சீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கி, போனை நீட்டி, மச்சி, என்னமா குலுக்குறான் பாருடான்னார். தமிழ்ல. இந்த ஊர்ல ரோட்டுல தமிழ் கேட்டா நான் திரும்பிப் பாப்பேங்க, சின்ன வயசுலேருந்து பழக்கம்.

அப்புறம் நீங்க உங்க அத்தை வீட்ல டிபன் சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள நாங்க வந்து, குளிச்சு, நான் புடவையும் கட்டியாச்சு.

அய்யோ, எதுக்கு போனை எடுக்கறீங்க? அழிக்கல்லாம் வேணாம். வீடியோ செல்லாதுன்னு இப்பத்தானே சொன்னேன்?

அண்ணனுக்கா? தெரியும். அந்தக் கார் நம்ம வாசல்ல நின்னதுமே தெரிஞ்சுடுச்சு. அப்பவும் வாங்கன்னு கும்பிட்டு, உள்ள போய் டிகாக்ஷன் இறக்குச்சு. என்கிட்ட மட்டும், நல்ல எடம், வாயைத் தொறந்து கெடுத்துடாதன்னுச்சு.

கீழ போலாங்களா? வேணாம்னதுக்குக் காரணம் கேட்டா நீங்களே சொல்லிடுங்க, பொண்ணு ரொம்பப் பேசுதுன்னு.