ரெண்டு, கமா, அஞ்சு

கதவைச் சாத்தாதீங்க தம்பி. அதாவது, சாத்துங்க, ஆனா படார்னு சாத்தாதீங்க. கையால புடிச்சு, மெல்ல... ஆங், அவ்வளவுதான். இந்தப் பக்கமா வந்து உக்காருங்க. அந்தச் சுவரை ஒட்டி வேணாம். அதுக்கு அந்தண்டைதான் பாட்டிலெல்லாம் இருக்கு. எத்தனையா? முப்பது சொச்சம் மிஞ்சியிருக்கு. எது எப்ப வெடிக்கும்னு யாருக்குத் தெரியும்? என்ன, பயந்துட்டீங்களா? நான் செவ்வாய்க்கிழமையில இருந்து இந்த வீட்டுல பூனை மாதிரி அடியெடுத்து வச்சு நடந்துட்டிருக்கேன்.

இந்தாங்க மாத்தே, நம்ம ஊர் இலைக் கசாயம், குழல்ல உறிஞ்சுங்க. பாத்து, தண்ணி நல்ல சூடு. சர்க்கரை போடல. இந்த வீட்டுல இனிமே சர்க்கரைங்கற பேச்சே கிடையாது.

ஆமா, எங்க வீட்டுக்காரர் அன்செல்மோ உங்க ரசிகர்னு ஆத்தங்கரைக் கூடாரத்துல வந்து சொன்னேனே, அது பொய்யில்ல. சந்தையில பீர் கடை போடற ஒஸ்வால்தோதான் காமிச்சான், வீட்டுலயே பீர் காய்ச்சறவங்களுக்குக் கணக்குப் போடற ஆப்பைப் பண்ணின பையன் இவன்தான், லீவுக்கு வந்திருக்கான்னு. கேட்டதும் நேரா உங்க கூடாரத்துக்குத்தான் வந்தேன். ரெண்டு வருஷமா இந்த வீட்டுல உங்க பேச்சுதானே. மரமில்லுல வேலை முடிஞ்சு பென்ஷன் வாங்கற மனுஷன். கட்டின பொண்டாட்டி சொன்னா காதுல விழாது, ஆப் சொன்னா வேதவாக்கு. எவ்வளவு தானியம்? ஆப்பைக் கேளு. எவ்வளவு நேரம் கொதிக்கணும்? ஆப்பைக் கேளு. ஒரு நாள் நான் கேட்டேன், சோறு திங்கறதுக்கும் அதையே கேக்கறீங்களான்னு.

அது ஒழுங்கா சொன்னாலும் பரவால்ல. கசப்பு லேசாத்தான் இருக்கும்னு காட்டுச்சு ஒரு தடவை, வாயில வச்சா சரியான கசாயம். இன்னொரு தடவை அப்டேட்டுன்னு ஒண்ணு வந்துச்சு. மறுநாள் திறந்தா, இவரு பாத்துப் பாத்து சேத்து வச்ச செய்முறைக்கெல்லாம் பேரு மட்டும் இருக்கு, உள்ள ஒண்ணையும் காணோம். அழாத குறைதான். தூக்கிப் போடுங்க அந்தச் சனியனைன்னேன். பாவம் அந்தப் பையன், ஒத்தை ஆளா நின்னு பண்றான், சரி பண்ணிடுவான்னாரு. உங்களுக்குத்தான் பரிஞ்சு பேசினாரு தம்பி, எங்கிட்ட சண்டை போட்டு.

உஷ்! அசையாதீங்க.

ஒண்ணுமில்ல. கூரைத் தகரம். வெயில் ஏறினா இப்படித்தான் முறுக்கும். மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா அந்த அறை மேலதான் விழும். வெளிய சூடு ஏற ஏற பாட்டிலுக்குள்ளயும் ஏறும். அதனாலதான் அப்புறம் வரேன்னு நீங்க சொன்னப்ப நான் விடல.

எங்க மக மைலேன் கல்யாணத்துக்குப் போட்ட பீர் அது. வர்ற சனிக்கிழமை கல்யாணம். குளிர்காலத்துலயே பாட்டில்ல ஊத்தி வச்சாரு. ஊத்தறப்பக் கொஞ்சம் சர்க்கரை சேக்கணும், அப்பதான் காத்து புடிச்சு நுரை கட்டும், இது உங்களுக்கு நான் சொல்லணுமா. பீர் எத்தனை டிகிரியில இருக்குன்னு கேட்டுச்சு உங்க ஆப். ஜில்லுன்னு இருந்தா சர்க்கரை கம்மி, வெதுவெதுன்னு இருந்தா ஜாஸ்தி, சரிதானே? இவரு ரெண்டரைன்னு போட்டாரு. எப்படிப் போடுவாரு? ரெண்டு, கமா, அஞ்சு. பள்ளிக்கூடத்துல நமக்கெல்லாம் அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க? நீங்களும் நம்ம நாட்டுக் கோர்தோபாக்காரர்தானே, உங்க ஊர்ல மட்டும் கமாவுக்குப் பதிலாப் புள்ளியா வைக்கறாங்க? கறிக்கடைத் தராசைப் பாருங்க, ஒன்றரைக் கிலோன்னா கமாதான். எந்த ஊர்க்காரன் கணக்கையோ எடுத்து, மேல நம்ம பாஷையைப் பூசி விட்டுட்டீங்க. அது கமாவை அப்படியே முழுங்கிடுச்சு. ரெண்டரை இருபத்தஞ்சாயிடுச்சு. சர்க்கரை ரெண்டு பங்காயிடுச்சு.

அவரு கவனிச்சிருக்கணுமா? நல்லாயிருக்கே! கவனிச்சாரே. என்னடி இது இவ்வளவு காட்டுதுன்னு எங்கிட்டயே கேட்டாரு. உங்களுக்கும் எழுதிக் கேட்டாரு. என்ன பதில் போட்டீங்க, ஞாபகம் இருக்கா? எப்படி இருக்கும். கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு, நம்பிப் போடுங்கன்னீங்க. கூடவே ஒரு சிரிச்ச மூஞ்சி வேற.

நான் ஒண்ணும் கத்தல. சரி, கத்தறேன்தான். வயிறு எரியுது, கத்தறேன். செவ்வாய்க்கிழமை நான் மாவு பிசைஞ்சுட்டிருக்கேன், துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இன்னொண்ணு. போய்ப் பாத்தா, கண்ணாடிச் சில்லு கதவுப் பலகையில ஆணி மாதிரி ஏறி நிக்குது.

தீயணைப்புக்காரங்களா? கூப்பிடாம இருப்பேனா? எல்லாரும் மலை மேல காட்டுத்தீயோட மல்லுக்கட்டிட்டு இருக்காங்க, பீர் பாட்டிலுக்கு எவன் வருவான். ஒஸ்வால்தோ வந்தான், எட்டிப் பாத்தான், நெத்தியில சிலுவை போட்டுட்டுப் போயிட்டான். பூட்டிப் போட்டுடலாம்னா, நாளைக்குச் சொந்தபந்தம் எல்லாம் பிள்ளைகுட்டியோட வந்து இறங்குது. எந்தக் குழந்தை எந்தக் கதவைத் திறக்கும்னு கண்டோமா. ஒரே வழிதான். ஒண்ணொண்ணா ஈரத்துணியைச் சுத்தி, மூடியை லேசா நெம்பி, காத்தை விட்டு விட்டு எடுக்கணும். அன்னைக்கு அவரும் அப்படித்தான் ஆரம்பிச்சாரு. மொத பாட்டில் நல்லாத்தான் வந்துச்சு.

அவரா? உள்ள படுத்திருக்காரு. பரிலோச்சே ஆஸ்பத்திரியில இருந்து நேத்துதான் கூட்டிட்டு வந்தோம், மாத்திரை அசதி. வேணாம், எழுப்பாதீங்க. உங்களைப் பாத்தா எழுந்து உக்காந்து, வாங்க வாங்கன்னு கையைப் புடிச்சுக் குலுக்குவாரு. அதை என்னால பாத்துட்டு நிக்க முடியாது.

எங்க எழுந்திருக்கறீங்க? உக்காரு. ஆமா, நீதான். வயசுல என் புள்ளை மாதிரி, இவ்வளவு நேரம் மரியாதை குடுத்ததே அதிகம். உப்பைத் தின்னவன்தான் தண்ணி குடிக்கணும். நானே திறந்திருப்பேன், இதோ பாரு, ஒரு கோப்பையைப் புடிச்சாக்கூட இந்தக் கை நிக்கமாட்டேங்குது. இந்தா, வெல்டிங் முகமூடி. இது தோல் கையுறை. ஒஸ்வால்தோகிட்டப் போய் வாங்கிட்டு வந்தேன், உன் அளவுக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன். துணி நனைச்சு வாளியில போட்டிருக்கேன்.

அவர் எழுந்ததும் அவரையே கேக்கலாமா? கேக்கவே வேணாம். மக கல்யாணத்துக்குப் போட்டது, மிச்சத்தையும் தானே திறக்கறேன்னு விடியக்காலையிலயே அடம் புடிச்சாரு. அவருக்கு மிச்சம் இருக்கறது ஒரு கண்ணு தம்பி. உனக்கு ரெண்டு இருக்கு.